பின் மட்கார்டு ரிஃப்ளெக்டர்: வேண்டாததுன்னு யார் சொன்னது?

இந்தப் பதிவு ரெண்டு சக்கர வண்டி வச்சிருக்கிற நண்பர்களுக்குத்தான். நாலு சக்கரக்காரங்களும் தாராளமா படிக்கலாம். ஏன்னா இது கடைசியில் உங்க கண்ணு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

புது பைக் எடுத்தா நம்ம ஊர்ப் பசங்க வரிசையா சில வேலைகள் செய்வாங்க. மொதல்ல கோயில் வாசல்ல பூஜை, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம். ரெண்டாவது டேங்க்ல ஒரு ஸ்டிக்கர். மூணாவதா ஒரு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வண்டிக்குப் பின்னாடி உட்கார்ந்துடுவாங்க. சாரி கார்டு போகும் (அதுக்குத் தனியா ஒரு பதிவே போடலாம், இப்ப வேண்டாம்). நீட்டிக்கிட்டு இருக்கிற மட்கார்டு போய் குட்டையா ஒண்ணு வரும். கடைசியில் நம்பர் பிளேட்டுக்குக் கீழே பொட்டு வச்ச மாதிரி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் இருக்குமே, அதுவும் போகும். ஏன்னு கேட்டா, "வேண்டாத அயிட்டம், லுக்கைக் கெடுக்குது"ன்னு பதில் வரும்.

லுக்கைக் கெடுக்குது என்பதை நான் மறுக்கவே மாட்டேன். லட்சக்கணக்கில் காசு வாங்கிக்கிட்டு, அழகா வளைச்சு வளைச்சு ஒரு வால் பகுதியை டிசைன் பண்ணிட்டு, கடைசி நிமிஷத்துல ஞாபகம் வந்த மாதிரி ஒரு தட்டையான சிவப்புச் சில்லை நட்டு போட்டு முடுக்கி அனுப்பினா யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனா "வேண்டாத" என்ற அந்த வார்த்தையில்தான் எனக்குத் தகராறு. என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன்: பின்னாடி இருக்கிற சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழட்டக் கூடாது. கழட்ட வேண்டிய ரிஃப்ளெக்டர்களும் இருக்கு. ஆனா நாம கழட்டறது பெரும்பாலும் தப்பான ஒண்ணை.

போன மாசம் அக்கா பையன் புது வண்டியோட வந்து நின்னான். கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர்.

"மாமா, கொஞ்சம் பிடிங்க. இந்த ரிஃப்ளெக்டரைத் தூக்கிடலாம்."

"ஏன்டா, அது உன்னை என்ன பண்ணிச்சு?"

"என் வண்டி மாமா. எனக்குப் பிடிக்கல, கழட்டறேன்."

"வண்டி உன்னுதுதான்டா. அந்தப் பொட்டு உன்னுது இல்ல."

"அப்ப யாருது?"

"உனக்குப் பின்னாடி வர்றவனுது."

பையன் "மாமா ஆரம்பிச்சிட்டாரு"ன்னு சிரிச்சான். ஆனா நான் விளையாட்டுக்குச் சொல்லலை. வண்டியில் இருக்கிற பெரும்பாலான சாமான்கள் ஓட்டறவனுக்கு ஏதோ ஒரு விதத்துல உதவுது. ஹெட்லைட் அவனுக்கு வழி காட்டும், கண்ணாடி அவனுக்குப் பின்னாடி காட்டும். அவன் கண்ணுக்கு என்னைக்குமே தெரியாத, அவனுக்குத் துளியும் வெளிச்சம் தராத சாமான் அந்த ரிஃப்ளெக்டர். அந்தக் காலத்து வீடுகள்ல வாசல் மாடத்துல விளக்கு வைப்பாங்க இல்லையா, தெருவுல போறவங்களுக்காக? அந்த மாதிரி. வீட்டுக்குள்ள இருக்கிறவனைக் கேட்டா அது வெட்டி எண்ணெய்ச் செலவுன்னுதான் சொல்லுவான்.

அந்தப் பிளாஸ்டிக்குக்குள்ள என்ன இருக்கு?

ஒரு நல்ல ரிஃப்ளெக்டரைக் கையில் எடுத்து உத்துப் பாருங்க. மேல்பக்கம் வழவழன்னு இருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பெட்டியோட உள்மூலை. மூணு முகங்கள், ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா. கேரம் போர்டுல காயை மூலைக்கு அடிச்சா ரெண்டு சுவத்துலயும் பட்டு வந்த திசைக்கே திரும்புது இல்லையா, அதே கணக்குதான். இங்கே மூணு சுவர். ஒளி எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாலும், மூணு முகத்துலயும் பட்டு, வந்த இடத்துக்கே திரும்பிப் போயிடும்.

சாதாரணக் கண்ணாடிக்கும் இதுக்கும் இதுதான் வித்தியாசம். கண்ணாடி வெளிச்சத்தை வேற எங்கேயோ அடிக்கும். சுவரு நாலா பக்கமும் சிதறடிக்கும். ரிஃப்ளெக்டர் மட்டும்தான் ஹெட்லைட்டிலிருந்து வந்ததை அந்த ஹெட்லைட்டுக்கே, அதுக்குக் கொஞ்சம் மேல இருக்கிற டிரைவரோட கண்ணுக்கே திருப்பி அனுப்பும். அதனாலதான் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு சில்லு, நூறு மீட்டருக்கு அப்பால் பல்பு மாதிரி எரியுது.

இதே மூலைக் கண்ணாடித் தத்துவம்தான் நிலாவிலும் இருக்கு. 1969ல் அப்போலோ 11ல் போனவங்க நூறு மூலைப் பட்டகங்கள் பதிச்ச ஒரு தட்டை அங்கே வச்சிட்டு வந்தாங்க. 1971ல் அப்போலோ 15 முந்நூறு பட்டகங்கள் உள்ள பெரிய தட்டை வச்சது. பூமியிலிருந்து லேசர் அடிச்சா ஒளி திரும்பி வரும், அதை வச்சு நிலாவோட தூரத்தை அளப்பாங்க. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது, ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் வேலை செய்யுது. நம்ம மட்கார்டுல இருக்கிறது அதோட ஏழைச் சொந்தக்காரன். அதுக்கும் பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம்.

டெயில் லைட்தான் இருக்கே?

இதுதான் எல்லாரும் கேக்கற கேள்வி. பதில்: இருக்கு, எரியும் வரைக்கும்.

பழைய வண்டிகள்ல டெயில் பல்புக்குள்ள ரெண்டு இழை. 5 வாட் இழை எப்பவும் எரியறது, 21 வாட் இழை பிரேக் பிடிச்சா எரியறது. இதுல 5 வாட் இழை அறுந்துபோனா ஓட்டறவனுக்குத் தெரியவே தெரியாது. சந்தேகப்பட்டு பிரேக்கை அமுக்கிப் பார்த்தா பின்னாடி பளிச்சுனு சிவப்பு தெரியும். "எல்லாம் சரியா இருக்கு"ன்னு கிளம்பிடுவான். ரோட்டில் பிரேக் பிடிக்காத நேரமெல்லாம் பின்பக்கம் கும்மிருட்டு.

"என்னுது எல்.இ.டி, ஃபியூஸ் ஆகாது" என்பீங்க. எல்.இ.டி நல்ல சாமான்தான். ஆனா அதுக்குப் போற ஒயர் மட்கார்டுக்கு அடியில் மழையிலயும் சேத்துலயும் ஆடிக்கிட்டே இருக்கு. குட்டை மட்கார்டு மாட்டறப்போ அந்த ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுத்தியிருப்பாங்க. அது எத்தனை மழைக்குத் தாங்கும்?

2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகள்ல எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரியற மாதிரி வந்துடுச்சு. நல்லது. ஆனா கவனிங்க, எஞ்சின் ஓடினா. பெட்ரோல் தீர்ந்து நிக்கிற வண்டி, பஞ்சராகித் தள்ளிக்கிட்டுப் போற வண்டி, போன் வந்துச்சுன்னு ஓரமா சாவியைத் திருப்பி நிறுத்தின வண்டி, இதெல்லாம் ராத்திரியில் வெறும் கறுப்பு இரும்பு. ஆபத்து அதிகமா இருக்கிற நேரத்துல லைட் இல்லை. ரிஃப்ளெக்டர் இருந்தா அது மட்டும்தான் இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு மார்கழி ராத்திரி, திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு பைக்ல போய்க்கிட்டு இருந்தேன். கரும்பு ஏத்தின டிராக்டர் ஒண்ணைத் தாண்டிட்டு, எதிர்ல ஒரு பஸ் வந்ததால டிம் பண்ணினேன். பஸ்ஸோட வெளிச்சம் கண்ணைக் குத்திடுச்சு. அது தாண்டினதும் வழக்கமா ஒரு ரெண்டு செகண்டு எதுவும் தெரியாது இல்லையா, அந்த இருட்டுல இடது பக்கமா ஒரு சிவப்புப் புள்ளி. லைட் மாதிரியும் இருக்கு, லைட் மாதிரியும் இல்லை. நான் வந்தா கூடுது, அவ்வளவுதான். வேகத்தைக் குறைச்சு வலது பக்கம் ஒதுங்கினேன்.

பக்கத்துல போனதும்தான் தெரிஞ்சுது. ஒரு பழைய மொபெட். பெட்ரோல் தீர்ந்து போச்சு. வீட்டுக்காரர் தள்ளிக்கிட்டுப் போறார், அந்தம்மா தோள்ல குழந்தையைப் போட்டுக்கிட்டுப் பக்கத்திலேயே நடக்குது. போர்வை, சட்டை, வண்டி எல்லாமே இருட்டு நிறம். ரோட்டு ஓரத்துல முள்ளு, அதனால தார் மேலேயே நடக்கிறாங்க. என் லைட்டுக்குத் தெரிஞ்சது அந்த மூணு உயிரும் இல்லை, வண்டியும் இல்லை. மட்கார்டுல இருந்த ஒரு பொட்டு. வண்டியை நிறுத்தி, டேங்க்லேர்ந்து கொஞ்சம் பெட்ரோல் ஒரு தண்ணி பாட்டில்ல பிடிச்சுக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னது பெட்ரோலுக்கு. அந்தப் பொட்டு அவர் வண்டியில் இருக்குன்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

கணக்கு ரொம்ப எளிமை. 60 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு செகண்டுக்கு சுமார் 17 மீட்டர். ஏதோ இருக்குன்னு கண்ணு பார்த்து, மூளைக்குப் புரிஞ்சு, கை பிரேக்குக்குப் போக ஒண்ணரை செகண்டுன்னு வச்சுக்கோங்க, அதுலேயே 25 மீட்டர் போச்சு. காஞ்ச ரோட்டுல நல்ல பிரேக் பிடிச்சு நிக்க இன்னும் ஒரு 25. ஆக 50 மீட்டர். டிம் லைட்டுல கறுப்புச் சட்டைக்காரர் தெரிய வர்ற தூரம் பல நேரம் இதைவிடக் கம்மி. ரிஃப்ளெக்டர் தெரியற தூரம் இதைவிட ரொம்ப அதிகம். நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் உயிர்.

2022ல் நாட்டுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல 44 சதவீதத்துக்கு மேல ரெண்டு சக்கர வண்டிக்காரங்க. விபத்து வகைகள்ல முதலிடம் பின்னாலிருந்து மோதறதுக்குத்தான். இதுல ரிஃப்ளெக்டர் இருந்திருந்தா எத்தனை பேர் பிழைச்சிருப்பாங்கன்னு யாராலும் கணக்குச் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போறதில்லை. ஆனா முப்பது நாப்பது ரூபாய் சாமானுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேணுமா?

நம்பர் பிளேட்டே மினுங்குதே?

விவரமானவங்க இதைக் கேப்பாங்க. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு வர்ற உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் ஒளியைத் திருப்பி அனுப்பற தாளால் ஆனதுதான். சரியான கேள்வி. ஆனா ரெண்டு சிக்கல்.

ஒண்ணு, அது சிவப்பு இல்லை. ராத்திரி ரோட்டுல சிவப்புன்னா பின்பக்கம், வெள்ளைன்னா முன்பக்கம். இது டிரைவரோட மூளையில் யோசிக்காமலே ஓடற கணக்கு. வெள்ளையா ஏதோ மினுங்கினா மைல்கல்லா, எதிர்ல வர்ற வண்டியா, வயல்ல கட்டின சாக்கான்னு ஒரு நிமிஷம் குழம்பும். அந்த ஒரு நிமிஷம் கையில் கிடையாது.

ரெண்டு, குட்டை மட்கார்டு மாட்டறவங்க பிளேட்டை வானத்தைப் பார்த்த மாதிரி மல்லாத்தி வச்சிடறாங்க. வெளிச்சம் ரொம்பச் சாய்வா விழுந்தா எந்த ரிஃப்ளெக்டரும் மங்கிடும். அப்புறம் அது நட்சத்திரத்துக்குத்தான் நம்பர் காட்டும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989ல் ரிஃப்ளெக்டருக்குன்னே 104ஆம் விதி இருக்கு. இஷ்டத்துக்கு வண்டியை மாத்தறதைப் பத்தி 1988ஆம் வருஷச் சட்டத்தோட 52ஆம் பிரிவு பேசுது. 2019 திருத்தத்துக்கு அப்புறம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு எழுதி வச்சிருக்காங்க. ஆனா போலீசுக்குப் பயந்து மாட்டற ரிஃப்ளெக்டர் போலீஸ் இல்லாத ரோட்டுல கழண்டுடும். அதனால அந்த வழியில் நான் வாதாட வரலை.

அப்ப உண்மையிலேயே வேண்டாதது எது?

இருக்கு. ஸ்பேனர் எடுத்தது எடுத்தாச்சு, இதையெல்லாம் கழட்டுங்க:

1. போலி ரிஃப்ளெக்டர். கடைகள்ல தோரணமாத் தொங்கும். சிவப்புப் பிளாஸ்டிக், பின்னாடி வெள்ளித்தாள், உள்ளே மூலைக்கட்டமே இருக்காது. பகல்ல ஜோரா இருக்கும், ராத்திரியில் செத்த மீன் கண்ணு. பொய்யான தைரியம் தர்றதால, ஒண்ணுமே இல்லாததைவிட இது மோசம்.

2. பின்பக்கம் ஒட்டற வெள்ளை, நீலம், பச்சை மினுமினுப்பு ஸ்டிக்கர்கள். பகல்ல கறுப்பாத் தெரிஞ்சு ராத்திரி வெள்ளையா மின்னற டேப்பும் இதில் சேர்த்தி. ஹெல்மெட்டுல ஒட்டுங்க, பேக்ல ஒட்டுங்க. மட்கார்டுல வேண்டாம்.

3. விரிசல் விட்டது. மூலைக்கட்டங்களுக்குப் பின்னாடி காத்து இருக்கிற வரைக்கும்தான் ஒளி திரும்பும். தண்ணி உள்ளே போய் ஒட்டிக்கிட்டா, ஒளி திரும்பாம வெளியே ஒழுகிடும். பின்பக்கம் பெயின்ட் அடிச்சாலும், பசையை நேரா அப்பினாலும் இதே கதிதான்.

4. வெயில்ல வெளுத்து ஆரஞ்சாகி, பால் ஊத்தின மாதிரி மங்கிப் போனது.

கழட்டற விதமும் சொல்லிடறேன். நட்டு போட்டதா இருந்தா மட்கார்டு உள்பக்கம் எட்டாம் நம்பரோ பத்தாம் நம்பரோ இருக்கும். சேறு காஞ்சு பிடிச்சிருக்கும், கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுப் பத்து நிமிஷம் ஊற விடுங்க. வெளியே இருக்கிற பிளாஸ்டிக்கைக் கையால் பிடிச்சுக்கிட்டு நட்டை மட்டும் திருப்புங்க, இல்லேன்னா போல்ட்டு பிளாஸ்டிக்கோட பிடுங்கிக்கிட்டு வந்துடும். ஒட்டினதா இருந்தா ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீங்க. முடி காய வைக்கிற டிரையரால் நல்லாச் சூடு காட்டி, தூண்டில் நரம்பை அடியில் கொடுத்து ரம்பம் மாதிரி இழுங்க, வெண்ணெயா வந்துடும். மிச்சமிருக்கிற பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ங்க. பிளாஸ்டிக் மட்கார்டா இருந்தா தின்னர் பக்கமே போகாதீங்க, வெளுத்துடும். ஓட்டையை ரப்பர் புஷ் போட்டு அடைச்சிடுங்க. சக்கரம் அடிக்கிற சேறு அந்த வழியாத்தான் டெயில் லைட் ஒயரைத் தேடிப் போகும்.

முக்கியமான வேலை இதுக்கு அப்புறம்தான். கழட்டின இடத்துல, இல்லேன்னா உங்க கண்ணுக்கு அழகாத் தெரியற வேற இடத்துல, நல்ல சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒண்ணை நேரா பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டுங்க. பை தொங்கினா மறையக் கூடாது, துப்பட்டா விழுந்தா மறையக் கூடாது. பெட்ரோல் போடும்போது ஒரு தடவை துணியால் துடைங்க. அவ்வளவுதான் பராமரிப்பு. சர்வீஸ் சார்ஜ் கிடையாது :-)

கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை

பசங்களை மட்டும் திட்டறது நியாயமில்லை. கார்கள்ல, நிறைய ஸ்கூட்டர்கள்ல டெயில் லைட் கண்ணாடிக்குள்ளேயே ரிஃப்ளெக்டரை வார்த்துடறாங்க. யாரும் கழட்டறதில்லை, ஏன்னா கழட்ட எதுவுமே இல்லை. பைக்குல மட்டும் ஏன் அதைத் தனியா ஒரு நட்டுல தொங்க விடணும்? கழட்டச் சொல்லிக் கையில் கொடுத்த மாதிரி வச்சுட்டு, கழட்டினா மக்களுக்குப் பொறுப்பில்லைன்னு சொல்லறது என்ன நியாயம்? ஒரு உயிர்காக்கும் சாமானை அழகா வைக்கிறதும் டிசைன் பண்றவரோட வேலைதான்னு நான் நினைக்கிறேன்.

இன்னைக்கு ராத்திரி ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. வண்டியை லைட் இல்லாத இடத்துல நிறுத்திட்டு இருபது முப்பது அடி பின்னாடி போங்க. செல்போன் டார்ச்சை இடுப்புகிட்ட வச்சு அடிச்சுப் பாருங்க, சுமாராத் தெரியும். அப்புறம் அதையே கன்னத்தோட ஒட்டி, கண்ணுக்குப் பக்கத்துல வச்சு அடிங்க. உங்க மட்கார்டு கண்ணைத் திறந்து உங்களைப் பார்க்கும். பின்னாடி வர்ற லாரிக்காரருக்குத் தெரியறது அதுதான். ஒண்ணும் தெரியலைன்னா, உங்க வண்டியில் இருக்கிறது போலி. இல்லேன்னா ஏற்கெனவே யாரோ "லுக்கைச் சரி பண்ணி" கொடுத்திருக்காங்க.

பி.கு: அக்கா பையன் அந்த ரிஃப்ளெக்டரைக் கழட்டலை. ஆனா நம்பர் பிளேட்டுக்கு மேல மாத்தி மாட்டியிருக்கான், இப்ப லுக்கா இருக்காம். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. ராத்திரியில் எரியுது, அது போதும்.